மேடைக்கு முன்னால் ஒரு வடிகால்

குவைத்தில் கோடைக்காலத்தில் பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தால் கை வெந்துவிடும். தொட்டி மொட்டை மாடியில் வெயிலில் கிடக்கிறது. அதனால் இங்கே எல்லோரும் ஒரு வேலை செய்வார்கள். மே மாதம் வந்ததும் குளியலறைக்குள் தொங்குகிற ஹீட்டரை அணைத்துவிடுவார்கள். அதற்குள் நிற்கிற தண்ணீர் அறையின் ஏசி குளிரில் ஆறிவிடும். பிறகு சிவப்புப் புள்ளி வைத்த குழாயில்தான் குளிர்ந்த தண்ணீர் வரும். நீலப் புள்ளியில் கொதிக்கும். வந்த புதிதில் நான் நீலத்தைத் திறந்து தோளைச் சுட்டுக்கொண்டேன். பக்கத்துக் கட்டில் ஜபருல்லா பாய் கூத்தாநல்லூர்க்காரர். பல்பசை எடுத்துத் தடவிவிட்டார். "ஊருல படிச்சத மறந்துடு ராசு. இங்க எழுதியிருக்கறது ஒண்ணு, வர்றது ஒண்ணு" என்றார். இங்குள்ள தமிழ்ச் சங்கம் போடுகிற இந்த மலருக்கு என்னை எழுதச் சொன்னதும் அவர்தான். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. படிப்பு எட்டாவதோடு சரி. நடந்ததைச் சொல்கிறேன்.

எனக்கு லாண்டிரியில் வேலை. திஷ்தாஷா தேய்ப்பது. இந்த ஊர் ஆண்கள் போடுகிற நீள வெள்ளை அங்கி அது. கழுத்துப் பட்டி மடங்காமல் நிற்க வேண்டும், இல்லையென்றால் முகத்தில் எறிவார்கள். நாள் முழுக்க நீராவிக்குள் நிற்பேன். காதில் இயர்போன் இருக்கும். அதில் கடைமடை இருக்கும். கடைமடை என்பது எங்கள் பக்கத்துப் பையன்கள் சேர்ந்து நடத்துகிற ராக் பேண்ட். வாய்க்கால் போய் முடிகிற இடத்துக்குத்தான் கடைமடை என்று பெயர். எல்லா ஊரும் குடித்து மிஞ்சினால்தான் அங்கே தண்ணீர் வரும். மழைக்காலத்தில் எல்லா ஊர்த் தண்ணீரும் அங்கேதான் வந்து தேங்கும். பாடுகிற தீபன் அப்படி ஒரு ஊரில் பிறந்தவன். அவர்களை யாருக்கும் தெரியாத காலத்திலிருந்து நான் கேட்கிறேன். "வெட்டு" என்று ஒரு பாட்டு. ஆரம்பத்தில் வாத்தியம் எதுவும் கிடையாது. ஈரக் களிமண்ணில் மண்வெட்டி இறங்குகிற சத்தம் மட்டும். சதக். இழுக்கிற சத்தம். மறுபடி சதக். அதன்மேல் டிரம்ஸ் ஏறும். அப்புறம் கிட்டார். பிறகு தீபன் தொண்டை கிழியக் கத்துவான். "தேங்குன தண்ணி நாறும், தெறந்து விட்டா ஓடும், வெட்டுடா வெட்டு." வயலில் மைக்கை வைத்து எடுத்த சத்தம் என்று ஒரு பேட்டியில் சொன்னான். சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும். அந்தச் சத்தம் கேட்டு வளர்ந்தவன் நான்.

ஒருநாள் இயர்போன் கழன்று பாட்டு வெளியே கேட்டுவிட்டது. எங்கள் முதீர், அதாவது மேனேஜர், எகிப்துக்காரர். பயந்து ஓடி வந்தார்.

"யார் சண்டை போடுவது?"

"சண்டை இல்லை. பாட்டு. தண்ணீருக்காக."

"தண்ணீருக்கு ஏன் இப்படிக் கத்துகிறான்? கேட்டால் கொடுக்க மாட்டார்களா?"

என்னிடம் இருக்கிற அரபி அதற்குமேல் போகாது. "மாஃபி" என்றேன். இல்லை என்று அர்த்தம். அவர் ஃப்ரிட்ஜைத் திறந்து ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

நன்னிலம் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் வயல் இருக்கிறது. எங்கள் அப்பா பண்ணையில் கூலிக்கு நட்ட வயல். அதில் ஒரு பகுதியை அண்ணனும் நானும் வாங்கினோம். நான் இங்கே தேய்க்கிறேன், அண்ணன் அங்கே உழுகிறான். வயல் வாங்கிய அன்று அப்பா வரப்பிலேயே நின்றுகொண்டிருந்தார். உள்ளே இறங்கவில்லை. ஏன் என்று அண்ணனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது அப்பா இல்லை. எங்கள் வயலுக்குக் கீழ்ப்பக்கம் எல்லாம் போன வருஷம் மனை ஆகிவிட்டது. செம்மண் அடித்து மேடாக்கி, வெள்ளைக் கல் நட்டு, வாசலில் வளைவு கட்டிவிட்டார்கள். எங்கள் வயலையும் விலைக்குக் கேட்டார்கள். அண்ணன் போன் செய்தான். "கேக்கறானுவடா. நீ என்ன சொல்ற?" என்றான். நான் "வேணாம்ண்ணே" என்றேன். அவ்வளவுதான் பேச்சு. அன்றைக்கு முழுக்க "வெட்டு" பாட்டைத்தான் கேட்டுக்கொண்டு தேய்த்தேன். என்னமோ தைரியமாக இருந்தது.

அப்புறம் கடைமடை நன்னிலம் பக்கத்தில் பாட வருவதாக போனில் படம் வந்தது. அனுமதி இலவசம். என் லீவை அதற்குத் தோதாக மாற்றிக் கேட்டேன். முதீர் காரணம் கேட்டார். கல்யாணம் என்று சொல்லிவிட்டேன். மப்ரூக் என்று கை கொடுத்தார்.

ஐப்பசியில் போய் இறங்கினேன். வந்த அன்றே வானம் சரியில்லை. தெற்கே கருத்துக் கிடந்தது, காற்றே இல்லை. அண்ணன் என்னைப் பஸ் நிறுத்தத்திலிருந்து வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தான். மனை வளைவைத் தாண்டும்போது வண்டியை நிறுத்தினான். வளைவு உயரத்துக்குத் தீபன் படம். கையில் மைக், பின்னால் பச்சை வயல், கீழே மனை விற்பவர் போன் நம்பர்.

"ஒன் பாட்டுக்காரன் மனை விக்கிறான் பாரு."

"பாட வர்றாங்கண்ணே. படம் போட்டுக்கிட்டாங்க போலருக்கு."

"ம்" என்றான். வண்டியை எடுத்தான்.

வயலில் சம்பா நட்டு இருபது நாள்போல இருக்கும். பயிர் அப்போதுதான் பச்சை பிடித்திருந்தது. எங்கள் பக்கத்து வயல்களின் தண்ணீர் எல்லாம் ஒரே வடிகாலில்தான் இறங்கும். அந்த வடிகால் மனைகளுக்கு நடுவே போகிறது. அதை விட்டுவைத்திருந்தார்கள். ஆனால் பாட்டுக்கும் அங்கேதான் மேடை. மேடைக்கு முன்னால் ஜனம் நிற்க வேண்டும் என்று, அந்த இடத்தை மட்டும் செம்மண் கொட்டி மூடிவிட்டார்கள். பாட்டிலுக்கு மூடி போட்டதுபோல. அண்ணன் போய்க் கேட்டிருக்கிறான். "ஷோ முடிஞ்சதும் தோண்டிருவோம், போங்க" என்றிருக்கிறார்கள்.

ஷோவுக்கு முதல் நாள் இரவு மழை பிடித்தது. காலையில் வாய்க்கால் நிரம்பி நின்றது. மதியம் வயலுக்குப் போனோம். பயிரில் பாதி உயரம் தண்ணீர். தண்ணீரில் அசைவே இல்லை. வரப்பு எலிகள் மேட்டைப் பார்த்து நீந்திப் போயின. மனைக் கல் ஒன்றின்மேல் ஒரு சாரைப்பாம்பு சுருண்டு கிடந்தது. நாங்கள் கிட்டே போனபோதும் அது அசையவில்லை. போக அதற்கு வேறு இடம் இல்லை. தூரத்தில் மேடையில் மைக் டெஸ்ட் செய்தார்கள். ஹலோ, ஹலோ என்று தண்ணீர்மேல் வந்தது.

"இன்னிக்கி விட்டா நாளைக்கி மூழ்கிரும். மூழ்கிட்டா அழுகிரும்" என்றான் அண்ணன்.

"நான் தீபன்ட்ட சொல்றேண்ணே. அவன் நம்ம ஆளு. சொன்னா புரியும்."

அண்ணன் என்னைப் பார்த்தான். சிரிக்கவில்லை. "சொல்லு" என்றான்.

நாலு மணிக்குப் போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது. மேடைக்குப் பின்னால் கூடாரம். குவைத்திலிருந்து வருகிறேன் என்றதும் உள்ளே விட்டார்கள். தீபன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். படத்தில் பார்த்ததைவிடச் சின்ன ஆள். சளி பிடித்த மாதிரி முகம். நான் சொல்ல நினைத்தது நிறைய. அத்தனை வருஷம் நீராவியில் நின்று கேட்டவன்.  வடிகாலைத்தான் சொன்னேன்.

"தம்பி, மேடைக்கு முன்னால வடிகால அடைச்சிருக்காங்க. மேல வயல்ல தண்ணி ஏறுது. நீங்க ஒரு வார்த்த சொன்னா வெட்டி விட்டுருவாங்க."

"குவைத்லேர்ந்தா வந்தீங்க? எங்களுக்காகவா? டேய், அண்ணன ஒரு போட்டோ எடுங்கடா."

"பயிரு மூழ்கிரும்பா."

"எனக்குப் புரியாதாண்ணே? நானும் கடைமடக்காரன்தானே" என்றான். என் தோளில் கை போட்டு போனைப் பார்த்துச் சிரித்தான். "ஷோ முடியட்டும். நானே சொல்றேன்."

போட்டோ எடுத்தார்கள். வெளியே வந்தேன். அண்ணனுக்குப் போன் செய்தேன். "முடிஞ்சதும் வெட்டுறோம்னு சொல்றாங்க" என்றேன். அந்தப் பக்கம் தவளைச் சத்தம். வயலில்தான் நின்றிருந்தான். வைத்துவிட்டான்.

ஆறு மணிக்கு ஆரம்பித்தார்கள். மழை விட்டிருந்தது. நல்ல கூட்டம். திருவாரூரிலிருந்தெல்லாம் பையன்கள் வந்திருந்தார்கள். முதலில் மனை விற்பவர் பேசினார். பேருந்து நிலையம் எவ்வளவு பக்கம், ஆஸ்பத்திரி எவ்வளவு பக்கம் என்று. அப்புறம் புகை விட்டார்கள், தீபன் வந்தான். நான் தடுப்புக் கம்பியை ஒட்டி நின்றேன். டிரம்ஸ் அடிக்கிறவன் புது ஆள். அவன் கை ஓங்குவதற்குமுன் சத்தம் வந்துவிட்டது. தீபன் மைக்கை வாயிலிருந்து எடுத்து ஜனத்துக்குக் காட்டினான். அப்போதும் அவன் குரல் பாடிக்கொண்டிருந்தது. எல்லாம் ஏற்கெனவே பதிந்து வைத்தது. பக்கத்தில் நின்ற பையனிடம் சொன்னேன். "எல்லாரும் அப்புடித்தாண்ணே. ஏன் காண்டாவுறீங்க, என்ஜாய் பண்ணுங்க" என்றான். நானும் பண்ணப் பார்த்தேன். என் காலுக்கடியில் செம்மண் நொதநொதவென்று இருந்தது. ஊறிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தது.

கடைசிப் பாட்டு "வெட்டு". விளக்கெல்லாம் அணைத்தார்கள். இருட்டில் அந்தச் சத்தம். சதக். ஸ்பீக்கரில் இடி மாதிரி கேட்டது. ஜனம் கூவியது. நானும் கூவினேன். ஒரு நிமிஷம் எல்லாம் மறந்துபோனது உண்மை. விளக்கு வந்தபோது மேடைக்கும் கம்பிக்கும் நடுவில், புகைக்குள், மண்வெட்டியோடு ஒரு ஆள் நின்றான். இடுப்பில் துண்டு, உடம்பெல்லாம் சேறு. பாட்டுக்குத் தோதாக ஆள் வைத்திருக்கிறார்கள் என்று எல்லோரும் நினைத்தார்கள். விசில் பறந்தது. நூறு போன் மேலே போனது. "செம! செம!" என்று பையன் என் முதுகில் அடித்தான். நானும் கையைத் தூக்கினேன்.

அந்த ஆள் இடது கையால் ஓங்கினான். ஊரில் அப்படி வெட்டுகிறவன் ஒருவன்தான்.

தீபனுக்கும் முதலில் புரியவில்லை. "போடு! வெட்டுடா வெட்டு!" என்று மைக்கில் கத்தினான். அண்ணன் நிமிரவில்லை. வெட்டினான், இழுத்தான், வெட்டினான். அவன் மண்வெட்டிச் சத்தம் கேட்கவே இல்லை. ஸ்பீக்கர் சதக் சதக் என்று வேறு கணக்கில் வெட்டிக்கொண்டிருந்தது. மேல்பக்கத்திலிருந்து ஒரு சாண் அகலத்துக்குத் தண்ணீர் வந்துவிட்டது. முன்வரிசைப் பெண்பிள்ளைகள் செருப்பு நனைந்து கத்தினார்கள். மேடைக்குக் கீழே ஒயர் கிடந்தது. அப்போதுதான் மேடைக்குக் காவல் நின்ற கறுப்புச் சட்டைக்காரர்கள் ஓடி வந்தார்கள். ஒருவன் கழுத்தைப் பிடித்தான், ஒருவன் மண்வெட்டியைப் பிடுங்கினான். இன்னொருவன் காலாலேயே செம்மண்ணைத் தள்ளி வெட்டின இடத்தை மூடினான். நான் தீபனைப் பார்த்தேன். அவன் என்னையும் பார்த்தான், அண்ணனையும் பார்த்தான். இப்போது புரிந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தான். பாட்டு நிற்கவில்லை.

கம்பி தாண்டி நான் போவதற்குள் அண்ணனை வளைவுக்கு வெளியே தள்ளிவிட்டார்கள். ரோட்டோரம் உட்கார்ந்திருந்தான். உதடு கிழிந்திருந்தது.

"மம்பட்டிய வாங்கிட்டு வா" என்றான். 

போய்க் கேட்டேன். கொடுத்தார்கள். ஷோ முடிந்தது. தோண்ட யாரும் வரவில்லை. ஜெனரேட்டர் லாரி அந்தச் செம்மண்மேல்தான் ஏறித் திரும்பியது, இறுகிப்போனது. வளைவுக் கேட்டைப் பூட்டி ஆள் நிறுத்திவிட்டார்கள். மழை மறுபடி பிடித்தது. விடிந்தபோது எங்கள் வயல் எது, பக்கத்து வயல் எது என்று தெரியவில்லை. ஒரே வெள்ளைத் தண்ணீர். வடிவதற்குள் பயிர் அழுகிவிட்டது. அந்த வாடையோடுதான் விமானம் ஏறினேன்.

இப்போது இங்கே குளிர்காலம். ஹீட்டரைப் போட்டுவிட்டோம். சிவப்பில் சுடுதண்ணீர், நீலத்தில் பச்சைத் தண்ணீர், எழுதியிருக்கிறபடியே வருகிறது. எனக்குத்தான் கை தடுமாறுகிறது. முதீர் கல்யாணம் எப்படி நடந்தது என்று கேட்டார். நல்ல மழை என்றேன். மழை பெய்தால் பரக்கத், ஆசீர்வாதம் என்று சந்தோஷப்பட்டார்.

போன வாரம் அண்ணன் போன் செய்தான். "மறுபடியும் வந்தானுவ. நீ என்ன சொல்ற?" என்றான். இந்த முறை நான் "யோசிச்சுச் சொல்றேண்ணே" என்றேன். இன்னும் சொல்லவில்லை.

அந்த வீடியோ எங்கள் ரூம் வரைக்கும் வந்துவிட்டது. மன்னார்குடிப் பையன் ஒருவன் காட்டினான். "ஒங்க ஊருதாண்ணே. என்னா எஃபெக்ட் பாருங்க, நெசமாவே ஆள எறக்கி வெட்ட விட்டுருக்கானுவ." பாய்க்கு மட்டும் விஷயம் தெரியும். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். நான் வாங்கிப் பார்த்தேன். மேடையிலிருந்து எடுத்த சின்ன வீடியோ. கறுப்புச் சட்டைக்காரர்கள் வருவதற்குமுன் முடிந்துவிடுகிறது, முடிந்ததும் தானாக முதலிலிருந்து ஓடுகிறது. அண்ணன் வெட்டிக்கொண்டே இருக்கிறான். தண்ணீர் வரப்போகிற இடத்தில் நின்றுவிடுகிறது. மறுபடி வெட்டுகிறான். அவனுக்குப் பின்னால், கம்பிக்கு அந்தப் பக்கம், கூட்டத்தோடு கூட்டமாக ஒருவன் கையைத் தூக்கி நிற்கிறான். குவைத்தில் வாங்கிய சட்டை. தேய்த்த மடிப்பு கலையவில்லை.