தேவயானியின் உடைந்த போன்

கோம்பையில் வேல்விழியின் முகம் தெரியாதவர்கள் இருக்கலாம், குரல் தெரியாதவர்கள் கிடையாது. காலை ஒன்பது மணிக்கு மேல் எந்தத் தெருவில் நின்றாலும் காதில் விழும்: "ஓடாத டிவி, ஒடஞ்ச செல்போன், பழைய கம்ப்யூட்டர் எதுனாலும் கொண்டுவாங்க. பிளாஸ்டிக் குடம் வாங்கிட்டுப் போங்க!" அவளே பேசிப் பதிந்தது. மினி ஆட்டோவின் தலையில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் அது உத்தமபாளையம் வரைக்கும் ஓயாமல் ஓடும். மத்தியானம் கண்ணயரும் நேரம் பார்த்து வந்து கத்தும் அந்தக் குரலை நான் திட்டாத நாளில்லை. பக்கத்து வீடுதானே, அவளும் பதிலுக்குத் திட்டுவாள்.

ஆசைப்பட்டு வந்த தொழில் இல்லை இது. புருஷன் பாண்டீஸ்வரன் ஜீப் ஓட்டியவன். விடியற்காலையில் பெண்களை ஏற்றிக்கொண்டு மலைக்கு மேலே ஏலத்தோட்டத்துக்குப் போவான், சாயங்காலம் கொண்டுவந்து இறக்குவான். ஆறு வருடத்துக்கு முன்பு ஒரு காலையில் வளைவில் ஜீப் உருண்டது. அவன் போனான். முன்சீட்டில் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தேவயானியும் போனாள். சங்கிலியம்மாளின் மூத்த மகள், இருபத்தியொரு வயசு. பின்னால் இருந்தவர்கள் கை கால் உடைந்து பிழைத்தார்கள்.

அரைத்தூக்கத்தில் இருந்த அவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். பிரேக் பிடிக்கவில்லை என்றாள் ஒருத்தி. அவன் போன் பேசிக்கொண்டே ஓட்டினான் என்றாள் இன்னொருத்தி. வேல்விழி விடவில்லை. "ஆமா, பேசினாரு. எங்கூடத்தான் பேசினாரு. வண்டிய ஓரங்கட்டிட்டுப் பேசினாரு. அவரு வாயாலயே சொன்னாரு" என்று ஊரில் பாதிப் பேரோடு மல்லுக்கு நின்றாள். புருஷன் பேரில் ஒரு சொல் விழுந்தால் தெருவே கிடுகிடுக்கும். அந்த வாயை எனக்குப் பிடிக்காது, ஆனால் அந்தப் பிடிவாதம் பிடிக்கும். பொய் சொல்கிற பெண் இல்லை அவள்.

சங்கிலியம்மாள் ஐந்து வருடம் அவளோடு பேசவில்லை. போன தையில் மகனுக்குக் கல்யாணம் கூடியது. கல்யாண வீட்டில் அகாலமாய்ப் போனவர்களின் பொருள் எதுவும் தங்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். தேவயானியின் துணிமணி முன்பே போய்விட்டது. நொறுங்கிய போனை மட்டும் அந்தம்மாள் முந்தியில் முடிந்து வைத்திருந்தாள். அதைக் கொண்டுவந்து மினி ஆட்டோவில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "நீ சொன்னத நம்புறேன்த்தா. வண்டி கோளாறுக்கு அவன் என்ன செய்வான், நீ என்ன செய்வ?" ஒரு நீலக் குடத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

அன்றைக்கு வேல்விழி என் வீட்டுக்கு வந்து தேம்பித் தேம்பி அழுதாள். "எங்கத்தை எங்கூடப் பேசிட்டாகக்கா" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். பாண்டீஸ்வரனுக்கு சங்கிலியம்மாள் சின்னம்மா முறை. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவள் ஐந்து வருடம் காத்திருந்தாள்.

சேர்ந்த சாமான்களை வாங்க வந்தவள் ஷெரின். ராயப்பன்பட்டிப் பெண், சென்னையில் ஓவியக் கல்லூரியில் படித்தவள். பழைய டிவிகளை அடுக்கி அதில் வீடியோ ஓடவிடுவதுதான் கலையாம். "ஒடஞ்ச போனுக்குள்ள எதாச்சும் படம் இருந்தா எடுத்துக்கிடவாக்கா?" என்று கேட்டிருக்கிறாள். "ஒடஞ்ச போன் செத்த போன்தானடி. அதுக்குள்ள என்ன இருக்கப்போவுது, எடுத்துக்க" என்று மூட்டையோடு தூக்கிக் கொடுத்தாள் வேல்விழி. உள்ளே நகக்கண் அளவில் மெமரி கார்டு பிழைத்துக் கிடக்கும் என்று அத்தனை வருடம் அதே தொழில் செய்தவளுக்குத் தெரியவில்லை. ஓடாதது என்றால் எங்களுக்கெல்லாம் ஒன்றுமில்லாதது.

தேனியில் மூடிக் கிடந்த ஒரு பஞ்சு குடோனில் கண்காட்சி. குடம் வாங்கியவர்களில் பத்துப் பேரை வேல்விழி தன் வண்டியிலேயே ஏற்றிப் போனாள். நானும் ஒருத்தி. சங்கிலியம்மாளை முன்னால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். குடோனுக்குள் நாற்பது டிவிகள், முக்கால்வாசி அரசாங்கம் சும்மா கொடுத்ததுதான். சிலதில் புள்ளி, சிலதில் பச்சையாய் ஆட்கள். யாரோ வீட்டுக் காதுகுத்து, யாரோ வீட்டு ஆட்டுக்குட்டி. "எங்க வீட்டு டிவி இது!" என்று ஒருத்தி கூவினாள். வேல்விழிக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்கு மட்டும் அடுத்த வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்ப்பது போல ஒரு கூச்சம்.

மூலையில் இருந்த டிவி முன்னால் சங்கிலியம்மாள் நின்றுவிட்டாள்.

திரையில் தேவயானி. தன்னைத் தானே படம் பிடித்துக்கொண்டு பாடுகிறாள், காற்றில் முடி பறக்கிறது. அவளுக்குப் பின்னால் பாண்டீஸ்வரன், ஒரு கையில் ஸ்டியரிங், மறு கையில் போன். ஜன்னலுக்கு வெளியே மரங்கள் சரசரவென்று பின்னால் ஓடுகின்றன. "ஓரங்கட்டித்தான் நிக்கிறேன், சொல்லு" என்கிறான் போனுக்குள். தேவயானி பாட்டை நிறுத்திவிட்டு, "பொய்யி, பொய்யி! அண்ணே மதினிக்கிட்டப் பொய் சொல்லுது!" என்று விழுந்து விழுந்து சிரிக்கிறாள். அவன் போனிலிருந்து ஒரு குரல் கேட்கிறது: "ஏங்க, சிலிண்டருக்குப் பதிஞ்சீகளா இல்லையா?"

தினமும் தெருவெல்லாம் கேட்கும் குரல். யாருடையது என்று ஒருவரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. இருபத்திரண்டு நொடியில் படம் முடிந்து, மறுபடி முதலிலிருந்து ஓடியது.

புருஷனின் எந்த வாய்ச்சொல்லுக்காக வேல்விழி ஊரோடு சண்டை போட்டாளோ அது பொய் என்று அவன் வாயாலேயே கேட்டுவிட்டாள். இரண்டாம் முறை தன் குரல் வந்ததும் பாய்ந்துபோய் டிவிக்குப் பின்னால் இருந்த ஒயரைப் பிடித்தாள்.

"கைய எடு" என்றாள் சங்கிலியம்மாள். சத்தம் போடவில்லை.

ஷெரின் ஓடிவந்தாள். "சொன்னீகளேக்கா, எடுத்துக்கன்னு சொன்னீகளே" என்று அழுதாள். பளாரென்று ஒன்று கொடுக்கலாமா என்றிருந்தது எனக்கு. ஆனால் படத்தில் இருப்பவர்கள் யார் என்றுகூட அவளுக்குத் தெரியாது.

வேல்விழி ஒயரை விட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "அத்தே, நிக்கிறேன்னுதான் சொன்னாரு. நான் நம்பிட்டேன். சத்தியமா நம்பிட்டேன் அத்தே. நான் கூப்பிட்டிருக்கலன்னா..."

சங்கிலியம்மாள் திரும்பவே இல்லை. ஆறு வருடமாய்ப் பார்க்காத பிள்ளை திரையில் முடியை ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

"பேசாம இரு வேலு" என்றாள். "எம்மக பாடப்போறா."

நாங்கள் பன்னிரண்டு பேரும் திரையைப் பார்த்து நின்றோம். தேவயானி பாடினாள். சிரித்தாள். அப்புறம் வேல்விழி, சிலிண்டருக்குப் பதிந்தாயிற்றா என்று கேட்டாள்.