துரைக்கு நான்கு எல்லை

கொல்லிமலையில் மிளகுத் தோட்டம் வைத்திருக்கும் காளியண்ணனுக்கு வயது அறுபத்திரண்டு. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளைகள் இல்லை. இருப்பது ஒரு கறுப்புக் கிடா. பெயர் துரை. ஏழு வருடத்துக்கு முன் பொங்கலுக்கு வெட்ட வாங்கிய குட்டி. வெட்டுகிறவருக்கு அன்று பார்த்துக் காய்ச்சல். அவர் தேறி வருவதற்குள் காளியண்ணன் குட்டிக்குப் பெயர் வைத்துவிட்டார். பெயர் உள்ள ஒருவரைக் குழம்பில் போட அவருக்கு மனம் வரவில்லை.

போன ஐப்பசி மழையில் காளியண்ணன் காய்ச்சலில் படுத்தார். தங்கை பொன்னாயியும் அவள் மகன் சந்தோஷ்குமாரும் கஞ்சியோடு வந்தார்கள். சந்தோஷ்குமார் பாசமுள்ளவன். மாமாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். பிறகு வாசலில் நின்ற துரையின் முதுகைத் தடவிப் பார்த்தான். இரண்டாவதற்கு நேரம் கொஞ்சம் கூடுதலாகவே ஆனது.

“இருவது கிலோவுக்குக் கொறையாதும்மா,” என்றான் மெதுவாக. “மாமனோட கருமாதிக்கு வெளிய வாங்க வேண்டியதில்ல.”

“சும்மா இரு சாமி, காதுல உழுந்துரப் போவுது,” என்றாள் பொன்னாயி.

அவள் மறுக்கவில்லை என்பதைக் காளியண்ணன் கண்ணை மூடியபடியே குறித்துக்கொண்டார். எந்த மாத்திரைக்கும் மசியாத காய்ச்சல் அன்று மாலையே இறங்கியது.

அடுத்த வாரம் பஸ் ஏறி, வளைவுகளையெல்லாம் இறங்கி, சேந்தமங்கலத்தில் பத்திரம் எழுதும் முருகானந்தத்தின் முன் போய் உட்கார்ந்தார்.

“தோட்டத்தத் துரை பேருக்கு உயில் எழுதோணுமுங்க.”

“துரை ஆருங்க, பையனா?”

“கெடாங்க.”

முப்பது வருடமாகப் பங்காளிச் சண்டைகளைக் காகிதத்தில் இறக்கிய முருகானந்தம் பேனாவை மூடவில்லை. “ஆட்டுப் பேருல சொத்து எழுதச் சட்டம் எடங்குடுக்காதுங்க. ஒரு ஆளு பேருல எழுதி, ஆட்டப் பாத்துக்கோணும்னு நிபந்தனை போடலாம்.”

காளியண்ணன் யோசித்தார். துரைக்கு ஆபத்து யாரால் என்று தெரிந்த பிறகு, காவலுக்கும் அவனை விட்டால் பொருத்தமான ஆள் இல்லை என்று பட்டது.

“மருமவன் சந்தோஷ்குமாருங்க. எனக்கப்பறம் துரை உசுரோட இருக்கற வரைக்கும் மெளகு மகசூல் அவனுக்கு. துரை போன மறுநாளே தோட்டம் பள்ளிக்கூடத்துக்கு.”

“அவரு இத வெட்டிப்போட்டு வேற ஒரு கெடாவக் கட்டி வெச்சா? நூறு வருசமானாலும் துரை சாவாதுங்களே.”

காளியண்ணன் நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். இப்படி ஒரு வழி இருப்பது சந்தோஷ்குமாருக்கே தோன்றியிருக்காது.

முருகானந்தத்தின் கை நிலப் பத்திரத்துக்குப் பழகிய கை. “பயப்படாதீங்க. நாலு எல்லை சொல்லுங்க,” என்றார்.

கிடா கிழக்குப் பார்த்து நிற்பதாக வைத்துக்கொண்டு எழுதினார்கள். கிழக்கே பாதி ஒடிந்த கொம்பு, மேற்கே நுனி வெளுத்த வால், வடக்கே கிழிந்த இடது காது, தெற்கே வலது தொடையில் வெள்ளைத் திட்டு. இதற்கு உட்பட்ட கறுப்புக் கிடா ஒன்று. சாட்சிகள் இருவரும் சிரிக்காமல் கையெழுத்துப் போட்டார்கள். உயில் பதிவானது.

நகலைச் சந்தோஷ்குமார் இரண்டு தடவை படித்தான்.

“ஏனுங் மாமா, ஆடு எத்தன வருசம் இருக்குமுங்க?”

“பாத்துக்கறதுல இருக்குது மாப்ள.”

மறுநாள் வேலியோரம் மரவள்ளித் தழையை எட்டிய துரையின் கொம்பை அவன் ஓடிவந்து பிடித்தான். “இது ஆவாதுங்க மாமா, வயிறு ஊதிக்கும்.” கையில் பலா இலைக் கட்டு. சாரல் விழுந்த அன்று சாக்கு கொண்டுவந்து துரைக்குப் போர்த்தினான். ஒருநாள் உள்ளே இருமல் சத்தம் கேட்டு வாசலிலேயே நின்றான்.

“துரைக்குங்களா மாமா?”

“எனக்குத்தான் மாப்ள.”

“அப்பச் சரிங்க,” என்று மூச்சு விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை பொன்னாயி குழம்போடு வந்தாள். காளியண்ணன் கிண்ணத்தைச் சந்தேகமாகப் பார்த்தார்.

“கோழிதானுங்கண்ணா. ஊட்டுல ஆட்டுக்கறியே ஆவாதுன்னுட்டான் உங்க மருமவன். துரை மோப்பம் புடிச்சா மனசு உட்டுருமாம்.”

காளியண்ணன் வயிறு நிறையச் சாப்பிட்டார். அவருடைய கட்டிலில், அவருடைய போர்வைமேல் துரை கிழக்குப் பார்த்துப் படுத்திருந்தது. நான்கு எல்லைகளும் உயிலில் கண்டபடியே இருந்தன.