அமெரிக்கன் மா படாத மீன்

யுத்தம் முடிவதற்கு ஓரிரு வருடங்களுக்கு முன் நடந்தது இது. அப்போது நாங்கள் கண்டிக்குப் பக்கத்தில், கெலிஓயாவில் ஒரு வீட்டின் மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். எனக்குக் கண்டியில் கந்தோர் வேலை, கணவருக்குக் கொழும்பில். அவர் மாதத்தில் இரண்டு தரம் வந்து போவார். மற்றபடி வீட்டில் நானும் எட்டு வயது மகளும்தான்.

மகளுக்குக் கோதுமை ஆகாது. அதிலுள்ள குளூட்டனை அவள் குடல் ஏற்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒருமுறை பிறந்தநாள் வீட்டில் ஒரு துண்டு கேக் தின்றுவிட்டு, மூன்று நாள் ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றிக் கிடந்தாள். அன்றிலிருந்து சாப்பாட்டு விஷயத்தில் நான் பொலிஸ்காரி. ஆனால் வியாதியை ஊருக்குச் சொல்ல மனம் வரவில்லை. பெண் பிள்ளை, நாளைக்கு நாலு பேர் நாலு விதமாகக் கதைப்பார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவளைப் பார்த்துக்கொண்ட கீழ்வீட்டு வீட்டுக்கார அக்காவிடம்கூட, பாணும் பிஸ்கட்டும் கொடுக்க வேண்டாம் என்று சொன்னதோடு நிறுத்திக்கொண்டேன்.

பள்ளிக்கூடத்தில் யாரோ மாப் பூசிப் பொரித்த மீன் கொண்டுவந்திருக்கிறார்கள். அன்றிலிருந்து மகளுக்கு அந்த ஆசை பிடித்துக்கொண்டது. அவள் நச்சரிப்புத் தாங்காமல் கணவர் கொழும்பில் ஒரு பெரிய கடையில் தேடிப் பிடித்து, மாப் பூசி உறைய வைத்த மீன் ஒரு பெட்டி வாங்கி, ஐஸ் போட்டுக் கொண்டுவந்தார். வெளிநாட்டுச் சாமான். குளூட்டன் இல்லை என்று பெட்டியில் பெரிதாக எழுதியிருந்தது. எங்களிடம் பிரிட்ஜ் இல்லாததால் அக்காவின் டீப் பிரீசரில் வைத்தோம். வைத்ததுதான், பொரிக்க எனக்குத் துணிவு வரவில்லை. எழுத்தை நம்பலாமா என்று இன்றைக்கு நாளைக்கு என்று இரண்டு வாரம் இழுத்தடித்தேன். கடைசியில் அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் பொரித்துத் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனேன்.

திரும்பி வரும் வழியில் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். அது அந்தக் காலத்தில் புதிதல்ல. எல்லோரும் இறங்கி வரிசையில் நின்று அடையாள அட்டையைக் காட்டினோம். பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று என் அட்டையில் இருந்தது. மற்றவர்கள் பஸ்ஸில் ஏற, என்னையும் இன்னும் மூன்று பேரையும் ஓரமாக நிற்கச் சொன்னார்கள். பஸ் போய்விட்டது.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. வீட்டுக்கார அக்கா.

"என்னங்க மிஸ், இன்னும் வரலியா? பாப்பா சோறு வேணாங்குறா. அந்த மீனத்தான் கேக்குறா. என்ன செய்ய?"

வெளியில் நான் யாழ்ப்பாணப் பேச்சே பேசுவதில்லை. பஸ்ஸில், கடையில் எல்லாம் "ஆமாங்க", "இல்லைங்க" என்று கண்டித் தமிழ்தான். சில வருடப் பழக்கம், பயத்தில் வந்தது. அன்றைக்கு அந்தப் பயமே பழக்கத்தைத் தூக்கி எறிந்துவிட்டது. இன்றைக்கு வீடு போய்ச் சேருவேனா என்றே தெரியாது, பிள்ளை ஆசைப்பட்டதையாவது தின்னட்டும் என்று தோன்றியது.

"பொரிச்சுக் குடுங்கோ அக்கா. அமெரிக்கன் மா மட்டும் படக்கூடாது, கவனம்" என்றேன்.

எங்கள் பக்கத்தில் கோதுமை மாவை அப்படித்தான் சொல்வோம். அதற்குள் காவலில் நின்றவர் போனை நிறுத்தும்படி கை காட்டினார். நிறுத்திவிட்டேன்.

ஒன்றரை மணித்தியாலம் நின்றேன். யார், எங்கே வேலை, கணவர் எங்கே என்று ஒரு பெண் பொலிஸ் சிங்களத்தில் கேட்டுக் கேட்டு எழுதினார். என் கந்தோருக்கு போன் போட்டு விசாரித்தார்கள். பிறகு "போகலாம்" என்றார்கள். அவ்வளவுதான். அடுத்த பஸ்ஸைப் பிடித்து வீடு வந்தேன்.

வீட்டுக்குள் நுழையும்போதே பொரித்த மீன் வாசனை. மகள் அக்காவின் குசினியில் கதிரையில் உட்கார்ந்து எண்ணெய்க் கையை நக்கிக்கொண்டிருந்தாள். அக்காவின் முகத்தில் பெரிய காரியம் சாதித்த பெருமை.

"நல்லவேள நீங்க சொன்னீங்க மிஸ். பெட்டியில பாத்தா அமெரிக்கா கொடி! கீழ அமெரிக்கான்னு எழுதியிருக்குறத பாப்பாவே வாசிச்சுச் சொன்னா. அந்த மாவு பூரா சுரண்டி எடுத்து, நல்லாக் கழுவிட்டு, நம்ம மாவுல போட்டுப் பொரிச்சேன்."

பிள்ளைக்கென்றே தேடி வாங்கிய நல்ல மாவைச் சுரண்டி எறிந்துவிட்டு, "நம்ம மாவு" போட்டிருக்கிறார். அந்த வீட்டில் தினமும் ரொட்டி சுடுவது எந்த மாவில் என்று எனக்குத் தெரியாதா? மேசையில் கோதுமை மாப் பையும் கிடந்தது. ஓடிப்போய் மகளைப் பிடித்து வயிற்றைத் தடவினேன், நெற்றியைத் தொட்டேன். "எத்தனை துண்டு தின்றாய்?" என்று கத்தினேன். கைப்பையைத் திரும்பத் தூக்கினேன். ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் அதே சாவடியைத் தாண்ட வேண்டும்.

"அம்மா, அது அரிசி மாவு" என்றாள் மகள், ஆற அமர.

நடந்தது இதுதான். அக்கா முதலில் கோதுமை மாவைத்தான் எடுத்திருக்கிறார். மகள் தடுத்திருக்கிறாள்.

"அம்மா அமெரிக்கா மாவுதானே கூடாதுன்னாங்க, இது நம்ம கடை மாவு பாப்பா" என்று அக்கா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாராம்.

"இல்ல ஆன்ட்டி, டாக்டர் கோதுமைன்னுதான் சொன்னாரு. இதச் சாப்பிட்டா எனக்கு வாந்தி வரும்" என்று இவள் பிடிவாதமாக நின்றிருக்கிறாள். பிட்டுக்கு இடித்து வைத்த அரிசி மாவைக் காட்டி, அதைப் போடச் சொன்னதும் இவள்தான். பொரிக்கிற தாச்சியைக்கூட இன்னொரு தரம் கழுவ வைத்திருக்கிறாள்.

நான் அப்படியே நிலத்தில் உட்கார்ந்து அழுதேன், பிறகு சிரித்தேன். கண்டியில் பிறந்து வளர்ந்த என் மகளுக்கும் அமெரிக்கன் மா என்றால் என்னவென்று தெரியாது. என் சொல் அந்த வீட்டில் ஒருவருக்கும் விளங்கவில்லை. விஷயத்தை மூடி மறைத்த நானல்லவா அக்காவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்? அவர் என்னைக் கேட்க விடவில்லை. "மொதல்லயே சொல்லியிருக்கலாமே மிஸ், நாங்க என்ன வெளியாளா?" என்று கொஞ்சம் கோபித்துக்கொண்டு, தேத்தண்ணி ஊற்றித் தந்தார். அன்றே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

மகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் மிச்சமிருந்த மீனை, சுரண்டாமல், நானே பொரித்தேன். நல்ல மொறுமொறுப்பு. வயிறும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ருசியில் ஆன்ட்டி செய்ததுதான் நல்லது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள் மகள்.

சாவடியில் நின்ற அந்த ஒன்றரை மணித்தியாலமும், நான் திரும்பாவிட்டால் இந்தப் பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்பது ஒன்றுதான் என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. அதே நேரத்தில் அவள், தனக்கு ஆகாததை ஆகாது என்று ஒரு பெரிய மனுஷியின் முகத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள் என்று நினைக்கும்போது, இன்றைக்கும் என் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்குகிறது.