காத்திருக்க மறந்த ஒரு வரி

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு புதன்கிழமை பகல் பதினொரு மணி. நல்லம்பள்ளியில் எங்கள் வீட்டு மாடி அறையில் ஆபீஸ் வேலையாக உட்கார்ந்திருந்தேன். ரத்ததானக் குழு நடத்தும் அக்காவிடமிருந்து போன் வந்தது.

"தர்மபுரி ஆஸ்பத்திரியில பிரசவமான பொண்ணுக்கு ரத்தம் நிக்கல கண்ணு. ஓ நெகட்டிவ் வேணும். ஞாயித்துக்கெழம காரிமங்கலம் முகாமுல ஒருத்தரு பதிஞ்சாரு, நானே பக்கத்துல நின்னேன். இப்ப லிஸ்ட்டுல அவரு பேரே இல்ல!"

அந்தப் பட்டியலை வைத்திருக்கும் செயலி நான் எழுதியது. சம்பளம் இல்லாத வேலை, பெருமை மட்டும் ஏகப்பட்டது. கரண்ட் போனாலும் தகவல் தொலையக்கூடாது என்று தர்மபுரி, காரிமங்கலம், கடத்தூர் மூன்று ஊர்களிலும் ஒவ்வொரு கணினி வைத்து, ஒரே டேட்டாபேஸைப் பரப்பியிருந்தேன். இரண்டு கணினிகளாவது சரி என்றால்தான் ஒரு பெயர் பதிவாகும்.

அந்த டேட்டாபேஸோடு பேசும் 'டிரைவர்' என்ற இடைநிலை மென்பொருளைக் கையாள்வது பெரிய தலைவலி. அதனால் அதன்மேல் போர்த்திக்கொள்கிற மாதிரி முகம் தெரியாத ஒருவர் எழுதி, இலவசமாகக் கொடுத்திருந்த சின்ன 'லைப்ரரி'யை, அதாவது ஆயத்த நிரல் தொகுப்பை, எடுத்துக்கொண்டேன். அதனிடம் ஒரு வேலையைச் சொன்னால் உடனே ஒரு 'பிராமிஸ்' தரும். ஹோட்டலில் டோக்கன் கொடுப்பதைப் போலத்தான். டோக்கன் கைக்கு வந்தால் தோசை வந்ததாக அர்த்தமில்லை. தோசையும் வரலாம், மாவு தீர்ந்துவிட்டது என்ற பதிலும் வரலாம். எது வரும் என்று காத்திருந்து பார்க்கவேண்டும்.

நிரலைத் திறந்தேன். பெயரைச் சேமிக்கும் அந்த வரியில் நான் காத்திருக்கவே இல்லை. டோக்கனை வாங்கிய கையோடு, 'பதிவாகிவிட்டது' என்று பச்சை டிக் போட்டிருந்தேன். ஞாயிறன்று காரிமங்கலத்திலும் கடத்தூரிலும் கரண்ட் இல்லை. தனியாக நின்ற தர்மபுரி கணினி எதையும் பதிய மறுத்திருக்கிறது. அந்த மறுப்பைக் கேட்க ஆளில்லை. அன்று காலை முகாமுக்கு வந்தவர்கள் எல்லோரும் என் பச்சை டிக்கை நம்பி வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்.

அந்த நேரத்திலும் என் புத்தி போன இடத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. குற்றம் அந்த லைப்ரரி மேல் இருக்காதா என்று அதன் உள்ளே போய்த் தேடினேன்.

தேடிய இடத்தில் ஒரு குறிப்பு இருந்தது. தோற்றுப்போன பதிவை யாரும் கவனிக்காமல் விட்டால், அதை முழுதாக ஒரு கோப்பில் எழுதி வைக்கும்படி லைப்ரரியை எழுதியவர் செய்திருந்தார். காத்திருக்க மறப்பவர்களுக்காக இது, நானும் ஒருமுறை மறந்தவன் என்று பக்கத்திலேயே எழுதியிருந்தார்.

அந்தக் கோப்பு, செயலி ஓடும் என் கணினியில் இருப்பதே எனக்குத் தெரியாது. திறந்தால், ஞாயிற்றுக்கிழமை தொலைந்த அத்தனை பெயர்களும் போன் நம்பரோடு வரிசையாக இருந்தன. மூன்றாவது பெயருக்கு நேராக ஓ நெகட்டிவ்.

அந்த நம்பருக்குப் போன் போட்டேன். "தக்காளி பறிச்சிக்கினு இருக்கறேங்க. எப்ப கூப்புடுவீங்களோன்னு மூணு நாளா போன வெச்சிக்கினே திரியறேன். தோ, வண்டிய எடுத்துட்டேங்க" என்றார் அவர். முக்கால் மணி நேரத்தில், சேறு காயாத காலோடு ஆஸ்பத்திரியில் நின்றாராம்.

சாயங்காலம் அக்கா கூப்பிட்டார். "பொழச்சிக்கிச்சு கண்ணு. கொழந்தைய மடியில போட்டுக்கினு ஒக்காந்திருக்குது."

அந்த வரியைத் திருத்தினேன். கோப்பில் இருந்த ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, தவறைச் சொல்லி மன்னிப்புக் கேட்டு, மறுபடி பதிந்தேன்.

லைப்ரரியை எழுதியவர் எந்த நாட்டுக்காரர் என்று இன்றும் எனக்குத் தெரியாது. காரிமங்கலம் என்று ஓர் ஊர் இருப்பது அவருக்கும் தெரிந்திருக்காது. ஆனாலும் நான் செய்யப்போகும் தவறை எனக்கு முன்பே யோசித்து, திட்டாமல், அதற்கு ஒரு இடம் ஒதுக்கி வைத்திருந்தாரே, அந்த மனதை நினைத்தால் இப்போதும் மலைப்பாக இருக்கிறது. இன்று எந்த நிரலை எழுதினாலும், என்னைப் போலவே அவசரக்காரியான யாரோ ஒருத்திக்காக அப்படியொரு கோப்பை உள்ளே வைத்துவிட்டுத்தான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கிறேன்.