குறிசுட்ட மாட்டை நம்பியவள்

பெரியகல்லாற்றில் கம்சாயினியின் பயத்துக்கு என்ன காரணம் என்று கேட்டால் எல்லோரும் சுனாமியைத்தான் சொல்வார்கள். சுத்தப் பொய். சுனாமி வந்தபோது அவளுக்குப் பதின்மூன்று வயது. அதற்குள் அவளுக்குப் பயப்படுவதில் எட்டு வருட அனுபவம் இருந்தது. ஐந்து வயதிலேயே தென்னைக்குக் கீழே நடக்கமாட்டாள். பள்ளிக்கூடத்தில் பெயரைக் கூப்பிட்டால் மேசைக்குக் கீழே குனிந்துவிடுவாள். முப்பத்துநாலு வயதில், அரசாங்க உத்தியோகம் பார்க்கிற காலத்திலும், காஸ் சிலிண்டரை மூடிவிட்டுச் சந்தி வரைக்கும் போவாள், திரும்பி வந்து மூடியதைத் தொட்டுப் பார்ப்பாள், பிறகு பஸ்ஸைத் தவறவிடுவாள்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அவளுடைய அம்மா சீதேவிப்பிள்ளை மகளுக்கென்று கட்டிய வீட்டின் முன்னறை ஆறு வருடமாகப் பூட்டியே கிடந்தது. கலியாணப் பேச்சுக்கால் வராமலில்லை, மூன்று வந்தது. முதல் மாப்பிள்ளை சத்தமாகச் சிரித்தார். இவ்வளவு சத்தமுள்ளவர் கோபம் வந்தால் என்ன செய்வாரோ என்று பயந்தாள். இரண்டாமவர் ஒருதரம் இருமினார். எத்தனை நாளைக்கு இருப்பாரோ என்று பயந்தாள். மூன்றாமவரில் ஒரு குறையும் இல்லை, அதுதான் ஆகப் பெரிய சந்தேகமாகப் போயிற்று. மூன்று நாள் சாப்பாடு இறங்காமல் வீட்டுக்கும் கிணற்றுக்கும் நடந்த மகளைப் பார்த்துவிட்டு, சீதேவிப்பிள்ளையே வேண்டாமென்று சொல்லியனுப்பினாள்.

இப்படிப்பட்டவளை மட்டக்களப்பு வாவிக்கு அக்கரையில் உள்ள கால்நடை அலுவலகத்துக்கு மாற்றினார்கள். குருமண்வெளித் துறையில் பாதை ஏறினால் கொஞ்ச நேரப் பயணம். இங்கே பாதை என்றால் தெரு இல்லை. வள்ளங்களைச் சேர்த்துக் கட்டி, மேலே பலகை அடித்து, ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற மிதவை. கம்சாயினி அதை ஒருநாள் கரையில் நின்று பார்த்தாள். அடுத்த நாளிலிருந்து களுவாஞ்சிக்குடிக்குப் போய், பட்டிருப்புப் பாலத்தால் சுற்றி, இரண்டு பஸ் மாறி, தினமும் பிந்திப் போய்ச் சேர்ந்தாள். எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வேலை போய்விடுமோ என்ற பயம் தண்ணீர்ப் பயத்தை ஒரு விரற்கடை முந்தியதால், ஒரு காலையில் துறைக்குப் போனாள்.

"நடுவில நில்லுங்க மிஸ், பால் கான்களுக்குப் பக்கத்தில. கரையோரம் நிண்டாத்தான் தலை சுத்தும்."

சொன்னவன் சுதாகரன். அக்கரையில் வீடு வீடாகப் பால் சேர்த்து, விடியப்புறமே இக்கரைக்குக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, வெறும் கான்களோடு திரும்புகிறவன். வயது முப்பத்தெட்டு, இன்னும் கலியாணமாகவில்லை. அவள் கான்களுக்குப் பக்கத்தில் நின்றாள். ஆம்பிளை ஒருவன் காரணமில்லாமல் நல்லது சொல்வானா என்று அக்கரை வரைக்கும் யோசித்துக்கொண்டே போனாள்.

அந்தக் கிழமையே அவனுடைய மாடுகள் காதுக்கு இலக்கம் போட அலுவலகத்துக்கு வந்தன. பின்தொடையில் சூடுபோட்ட குறியைக் கண்டதும் கம்சாயினிக்கு மூச்சு வந்தது. அவளுடைய குடிக்காரர் மாட்டில் சுடுகிற குறி அது. மட்டக்களப்பில் குடி என்கிற வம்சம் தாய்வழியாக வருவது. ஒரே குடி என்றால் ஆணும் பெண்ணும் கூடப்பிறந்தவர்கள் மாதிரி, கலியாணப் பேச்சுக்கே இடமில்லை. "உங்கட மாடா?" என்று கேட்டாள். "எங்கட மாடுதான்" என்றான். அதற்கு மேலே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அடுத்த நாள் பாதையில் ஏறும்போதே "என்ன அண்ணன், இண்டைக்குக் காத்துக் கூடவா?" என்றாள்.

இரண்டு வருடம் அப்படிப் போனது. அண்ணன்தானே என்று, ஆருக்கும் சொல்லாத பயங்களையெல்லாம் அவனிடம் சொன்னாள். அவன் ஒருநாளும் பயப்படாதீங்க என்று சொன்னதில்லை. "இண்டைக்குப் பாதை கவிழுமா?" என்று கேட்டால், வானத்தைப் பார்த்து, தண்ணியைப் பார்த்து, "இண்டைக்குக் கவிழாது" என்பான். நாளைக்கு என்று அவள் கேட்டால், "நாளைக்கு நாளைக்குப் பாத்துச் சொல்றன்" என்பான். அவன் மட்டும் ஒருதரமும் அவளைத் தங்கச்சி என்று கூப்பிடவில்லை. மிஸ் என்றுதான் கூப்பிட்டான். அவள் அதைக் கவனிக்கவில்லை.

ஆவணியில் அக்கரைக் கோயில் திருவிழா வந்தது. அங்கே ஒவ்வொரு நாள் பூசையும் ஒவ்வொரு குடியின் பொறுப்பு. தங்கள் குடி நாளில் தட்டோடு போன கம்சாயினி, கோயில் மரியாதையான காளாஞ்சியை வாங்கக் கோயிலார் குடிக்காரரைக் கூப்பிட்டபோது சுதாகரன் முன்னுக்கு வராமல் வெளியே நிற்பதைக் கண்டாள்.

"வாங்க அண்ணன், நம்மட குடியத்தானே கூப்பிடுறாங்க."

"எங்கட பூசை நாளைக்குத்தானே மிஸ்?"

"அப்ப மாட்டில சுட்டிரிக்கிற குறி?"

"அது அப்பாட மாடு, அப்பாட குடிக்குறி. எனக்கு அம்மாட குடிதானே."

மாட்டுப் பதிவேட்டை இரண்டு வருடமாக எழுதுகிறவள், தாயின் குடியைக் கேட்காமல் தகப்பனின் மாட்டைப் பார்த்து அண்ணன் முறை வைத்திருக்கிறாள்! வெட்கம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய சங்கதி ஒன்று இருந்தது. இவன் அண்ணன் இல்லை என்றால், விடியும்போதே துறைக்குப் போக அவசரப்படுகிற இந்த மனதுக்கு என்ன பெயர்? அவளுக்குப் பெயர் தெரியும். தெரிந்ததால்தான் அடுத்த நாள் பஸ்ஸில் போனாள்.

பன்னிரண்டு நாள் பாலத்தால் சுற்றினாள். பஸ்ஸில் இருந்தால் எழும்பத் தோன்றும், எழும்பினால் இருக்கத் தோன்றும். ஒருநாள் கறிக்கு இரண்டு தரம் உப்புப் போட்டாள், அடுத்த நாள் போடவே இல்லை. "உனக்கென்னகா நடந்திரிக்கு?" என்று சீதேவிப்பிள்ளை கேட்டதற்கு, "காஸ் மணக்குதும்மா" என்றாள். காஸ் மணக்கவில்லை.

பதின்மூன்றாம் நாள் அலுவலக வாசலில் லொறி வந்து நின்றது. சுதாகரனின் ஆறு மாடுகளும் அதில் நின்றன. ஏறாவூர் மாட்டு வியாபாரி நஸீர் முன்னால் இறங்கினார். மாட்டைக் கொண்டுபோகக் கடிதம் வேண்டும், அதை எழுதுகிறவள் கம்சாயினி. சுதாகரன் மேசைக்கு முன்னால் வந்து நின்றான்.

"ஏன் விக்கிறீங்க?" கடதாசியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"வாகரையில ஒரு பேச்சுக்கால் வந்திரிக்கு. இன்னும் ஓமெண்டு சொல்லல்ல. வெள்ளிக்கிழமை வாறாங்க. சரிவந்தா அங்க போய் இரிக்கணும், மாட்ட எங்க கொண்டுபோய்க் கட்டுற?" சற்று நிறுத்தினான். "நீங்க ஏன் மிஸ் பாதைக்கு வாறல்ல? நான் என்னவும் பிழையா நடந்திட்டனா?"

"இல்ல" என்றாள். மாடுகளின் காது இலக்கங்களை ஒவ்வொன்றாக எழுதத் தொடங்கினாள். அவன் வெளியே போனான்.

கையெழுத்து ஒன்றுதான் மிச்சம். அதைப் போட்டால் அவன் மாவட்டத்தின் மறுகோடியில் இன்னொருத்தியின் வீட்டுக்குக் குடிபோய்விடுவான். அவள் மேசைக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நடந்தாள். அவன் வீட்டுக்கு வந்தால் என்னவெல்லாம் நடக்கும் என்று நினைத்துப் பயந்தாள். வராவிட்டால் நடக்கப்போவது ஒன்றே ஒன்று, இந்த நடை. இதுவே கிழவியாகும் வரைக்கும். கடதாசியை மேசையிலேயே விட்டுவிட்டு வெளியே வந்தாள்.

"கடிதத்தத் தந்தீங்கெண்டா நாங்க வெளிக்கிட்டுருவம் மிஸ்" என்றார் நஸீர்.

"மாடு விக்கிறல்ல, நஸீர் நானா."

"ஆரு சொன்ன?"

"நான்தான்."

நஸீர் சுதாகரனைப் பார்த்தார். "மாட்டுக்காரரே பேசாம நிக்கிறார். நீங்க ஆரு மிஸ் அதச் சொல்ல?"

நியாயமான கேள்வி. கோழிக்கு மருந்து வாங்க வந்த இரண்டு பெண்களும் திரும்பினார்கள். அலுவலக மிருக வைத்தியர் ஜன்னலுக்கு வந்தார். கம்சாயினி சுதாகரனைக் காட்டினாள்.

"இவர நான் கலியாணம் முடிக்கப்போறன்" என்றாள். மறுகணமே, இன்னும் சின்னக் குரலில், "அவரிட்ட இன்னும் கேக்கல்ல" என்றாள்.

எல்லாருடைய முகமும் சுதாகரன் பக்கம் திரும்பியது. அவன் கம்சாயினியை ஒருதரம் பார்த்தான். லொறிக்குப் பின்னால் போய்ப் பலகையை இறக்கினான். நஸீர் தலையைச் சொறிந்துவிட்டு மறுபக்கம் பிடித்துக் கொடுத்தார்.

அவள் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். முதல் மாட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவன் பக்கத்தில் வந்தான்.

"எனக்குப் பயமா இரிக்கு" என்றாள்.

"எனக்கும்தான்" என்றான் சுதாகரன். கயிற்றைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றினான். "இரிங்க, மத்த மாடுகளையும் இறக்கிப்போட்டு வாறன்."