அத்தையின் சில்லென்ற கை

மட்டாஞ்சேரியில் நாங்கள் குடியிருந்த சந்தில் அந்தக் காலத்தில் யார் வீட்டிலும் ஃபிரிட்ஜ் கிடையாது. எங்கள் வீட்டில் அத்தை இருந்தாள்.

சித்திரை வெயிலில், காயல் பக்கமிருந்து ஒரு பொட்டுக் காற்றுகூட வராத மத்தியானங்களில், அப்பாவின் பனியனைப் பிழிந்தால் ஒரு செம்பு நிறைந்துவிடும். அப்போதும் அத்தையின் கை மண்பானையைத் தொட்டதுபோல் சில்லென்றிருக்கும். நான் அவள் பக்கத்தில் படுத்து அந்தக் கையை இழுத்துக் கன்னத்தில் வைத்துக்கொள்வேன். அது சூடானதும் அவளைப் புரட்டி மறு கையை எடுத்துக்கொள்வேன். அவள் தூக்கம் கலையாது. அத்தையின் தூக்கம் எதற்கும் கலைந்ததில்லை.

அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. அவளுக்கு இருபத்து மூன்று வயது, எனக்கு எட்டு. ஊரே விசிறிக்கொண்டிருக்கும்போது அவள் சாம்பல் நிற ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒரு தோசையை முக்கால் மணி நேரம் தின்பாள். சீட்டு விளையாடினால் அவள் ஒரு சீட்டை இறக்குவதற்குள் நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு, வரும் வழியில் அவள் கையிலிருப்பதையும் பார்த்துவிட்டு வருவேன். அவள் குரல் வேறு கரகரவென்று தடித்துப் போயிருந்தது. ராட்சசன் கதை சொல்ல அதைவிடப் பொருத்தமான குரல் கொச்சி முழுவதிலும் கிடையாது. என் பள்ளிக்கூடத்தில் எல்லாம் மலையாளம்தான். தமிழ் எழுத்தை மெதுவாக, மிக மெதுவாக, எனக்கு எழுதிக் காட்டியதும் அவள்தான். ஒரு குழந்தைக்கு வேண்டிய எல்லா நற்குணங்களும் பொருந்திய அத்தை அவள் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

பெரியவர்களின் கருத்து வேறாக இருந்தது. சோம்பேறிப் பெண்ணை எங்கள் ஊர்ப் பேச்சில் மடிச்சி என்பார்கள். அம்மா அந்தச் சொல்லை ஒரு நாளைக்கு நாலு தடவையாவது சொல்வாள். "ஊறப்போட்ட அரிசி மாதிரி, வச்ச எடத்துலயே ஊறிக்கிட்டுக் கெடக்கா" என்பாள். டைப்ரைட்டிங்கில் முதல் வகுப்பில் தேறிய பெண், இரண்டு வருஷத்தில் இப்படி ஆகிவிட்டதே என்று அப்பாவுக்குக் குறை. கொச்சங்காடியில் இஞ்சி குடோன் ஒன்றில் மேற்பார்வை பார்த்த அவர், தங்கையைக் கடிந்து பேச முடியாமல் குடோன் ஆட்களைக் கடிந்துகொண்டு திரிந்தார். பெண் பார்க்க வந்த ஒரு கூட்டம், பெண்ணின் குரலைக் கேட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு எழுந்து போனது. அன்றைக்கு அத்தை அழுதாள் என்று நினைக்கிறேன். அவள் முகம் எப்போதும் கொஞ்சம் உப்பலாகவே இருக்குமாதலால் அழுத முகம் எது, அழாத முகம் எது என்று எனக்குத் தெரிந்ததில்லை.

பிறகு எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. அம்மாவுக்குக் கை ஒழியவில்லை. அத்தைதான் என்னைச் சுள்ளிக்கல்லில் இருந்த பெண் டாக்டரிடம் கூட்டிப் போனாள். இருபது நிமிட நடை. நாங்கள் ஒரு மணி நேரம் நடந்தோம். காய்ச்சல்காரியான நான்தான் இரண்டு இடத்தில் நின்று அவளுக்காகக் காத்திருந்தேன்.

டாக்டர் என் வாயில் தெர்மாமீட்டரைச் செருகினார். அதற்குப் பிறகு என்னைப் பார்க்கவேயில்லை. அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குட்டிக்கு ஒண்ணுமில்ல, ரெண்டு நாள்ல சரியாகும்" என்றார் மலையாளமும் தமிழும் கலந்து. "ஒங்களுக்கு எவ்வளவு நாளா இந்தச் சத்தம்?"

"எந்தச் சத்தம்?" என்றாள் அத்தை.

"இதுதான். இந்தக் குரல்."

பிறகு அத்தையைக் கட்டிலில் ஏற்றி, கழுத்தை அழுத்திப் பார்த்து, ஸ்வெட்டரைக் கழற்றச் சொல்லித் தோலைக் கிள்ளிப் பார்த்து, ஒரு சின்னச் சுத்தியலால் குதிகாலுக்கு மேல் தட்டினார். பாதம் சட்டென்று துள்ளியது. திரும்பி வருவதற்கு மட்டும் சாவகாசமாக எடுத்துக்கொண்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. டாக்டருக்கு வரவில்லை.

ரத்தம் எடுத்து வெளியூருக்கு அனுப்பினார்கள். பத்து நாள் கழித்து அப்பா டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து அம்மாவிடம் சொன்னார்: "தொண்டைக்குள்ள தைராய்டுன்னு ஒரு சுரப்பி இருக்காம். அதுதான் ஒடம்புக்கே அடுப்பு. இவளுக்கு அது அணைஞ்சு அணைஞ்சு எரியுது. மடி இல்ல, நோய். ஆயுசு பூரா மாத்திரை முழுங்கணும்."

அம்மா அன்று தோசை வார்த்தபோது முதல் தோசையை அத்தைக்குப் போட்டாள். அது ஆறிப்போனதும் பேசாமல் எடுத்துவிட்டு இன்னொன்று சூடாகப் போட்டாள். மடிச்சி என்ற சொல்லை அதன் பிறகு எங்கள் வீட்டில் நான் கேட்கவில்லை.

மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் போட வேண்டும். அத்தைக்கு மறதி அதிகம். ஆகவே வீட்டில் அம்மாவுக்கு அடுத்தபடியாக எழும் என்னிடம் அந்தப் பொறுப்பை அப்பா ஒப்படைத்தார். மாத்திரை கடுகைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். விடியும்போது பாட்டிலிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு தம்ளரில் தண்ணீரோடு போவேன். அத்தை கண்ணைத் திறக்காமல் வாயை மட்டும் திறப்பாள். நாக்கின்மேல் வைத்துத் தண்ணீரைக் கொடுப்பேன். விழுங்கிவிட்டு இன்னொரு அரை மணி நேரம் தூங்குவாள். "முழுங்கியாச்சா?" என்று அம்மா அடுக்களையிலிருந்து கேட்பாள். "முழுங்கியாச்சு" என்று நான் கத்துவேன். அந்த வீட்டில் என் வார்த்தைக்கு அப்படியொரு மதிப்பு அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை.

நாலைந்து மாதத்தில் அத்தை என் கண்ணெதிரே மாறினாள். முகம் வடிந்தது. இடுப்பு தெரிந்தது. ராட்சசன் குரல் போய் யாரோ ஒரு பெண்ணின் குரல் வந்தது. தோசையை இரண்டு நிமிடத்தில் முடித்தாள். சீட்டில் என்னை ஜெயித்தாள். தெருவில் நடக்கும்போது "வேகம் வா குட்டி, வேகம்" என்று என்னை இழுத்துக்கொண்டு ஓடினாள். காயலுக்கு நடுவே துறைமுகம் இருந்த ஐலண்டில் கப்பல் ஏஜென்சி ஆபீஸ் ஒன்றில் டைப்பிஸ்ட் வேலையும் கிடைத்தது. மூன்று மாதம் தற்காலிகம், பிடித்திருந்தால் நிரந்தரம். புதுக்குடை ஒன்று வாங்கிக்கொண்டு எட்டு மணிப் படகைப் பிடிக்க போட் ஜெட்டிக்குப் போக ஆரம்பித்தாள். வீடே அவளைக் கொண்டாடியது.

நான் மட்டும் கொண்டாடவில்லை. பள்ளி விட்டு வந்தால் அவள் இருக்க மாட்டாள். ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் படுத்துக் கையை எடுத்துக் கன்னத்தில் வைத்தால், அது எல்லாருடைய கையையும்போல வெதுவெதுப்பாக இருந்தது. ஏமாற்றப்பட்டதுபோல் உணர்ந்தேன்.

பள்ளி திறந்து மழையும் தொடங்கிய வாரத்தில் ஒரு காலை, மாத்திரை என் விரலிலிருந்து நழுவிப் பாயில் விழுந்துவிட்டது. அத்தை வாயைத் திறந்து வைத்திருந்தாள். என்ன செய்வதென்று தெரியாமல் வெறும் விரலால் நாக்கைத் தொட்டுவிட்டுத் தண்ணீரைக் கொடுத்தேன். அவள் விழுங்கிவிட்டுத் திரும்பிப் படுத்தாள். "முழுங்கியாச்சா?" என்றாள் அம்மா. "முழுங்கியாச்சு" என்றேன்.

மறுநாள் மாத்திரை நழுவவில்லை. நான்தான் வைக்கவில்லை. அதற்கடுத்த நாளும். மருந்தைத் தெருவில் எறிவது பாவம் என்று அம்மா சொல்லியிருந்ததால் ஒரு காலித் தீப்பெட்டியில் போட்டுப் பென்சில் பெட்டிக்குள் வைத்துக்கொண்டேன். பாவம் புண்ணியத்தில் நான் கவனமாகத்தான் இருந்தேன்.

என் அத்தை திரும்பி வரலானாள். முதலில் ஸ்வெட்டர் வந்தது. மழைக்குளிர் என்றாள். பிறகு குரல் கொஞ்சம் தடித்தது. இரண்டு நாள் அவள் ஜெட்டிக்குப் போய்ச் சேருவதற்குள் போட் போய்விட்டது. ஆபீஸில் தப்புத் தப்பாக டைப் அடிக்க ஆரம்பித்தாள். ஒரு நாள் இஞ்சி மூட்டைகள் போக வேண்டிய துறைமுகத்தின் பெயரையே மாற்றி அடித்துவிட்டாளாம். உடம்பைப் பார்த்துக்கொண்டு பிறகு வாருங்கள் என்று மேனேஜர் மரியாதையாகவே சொல்லி அனுப்பினார். நான் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தபோது அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நான் புத்தகப் பையைக் கழற்றாமலே ஓடிப் போய் அவள் கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டேன். சில்லென்றிருந்தது.

அப்பா அவளை மறுபடி டாக்டரிடம் கூட்டிப் போனார். மறுபடி ரத்தம் வெளியூருக்குப் போனது. முடிவைப் பார்த்துவிட்டு மாத்திரையை இரண்டாக்கலாம் என்று டாக்டர் சொன்னதாக அப்பா சொன்னார்.

"வேண்டாம் அண்ணா" என்றாள் அத்தை. "எனக்கு மருந்தும் ஏக்கல. என் ஒடம்பு அவ்வளவுதான். நாலு மாசம் மனுஷி மாதிரி இருந்தேன்ல, அது போதும்."

புதுக்குடையை எடுத்து அம்மாவிடம் கொடுத்தாள். "நீங்களே வச்சுக்குங்க அண்ணி. எனக்கு எங்க போறதுக்கு?" அம்மா அதை வாங்கிக்கொள்ளாமல் அடுக்களைக்குள் போய்விட்டாள்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தை எனக்குத் தமிழ் எழுத்து எழுதிக் காட்டிக்கொண்டிருந்தாள். ஒரு எழுத்து கோணிப்போய், அதை அழிக்க ரப்பர் தேடி என் பென்சில் பெட்டியைத் திறந்தாள். ரப்பர் இருக்குமென்று தீப்பெட்டியையும் திறந்தாள். உள்ளங்கையில் கவிழ்த்துப் பார்த்தாள். நான் எழுந்து ஓடியிருக்கலாம். கோணிப்போன எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"குட்டி, இது என் மாத்திரைதானே?"

"ஆமா."

"எப்பலேர்ந்து?"

"ஸ்கூல் தொறந்ததுலேர்ந்து."

அவள் மெதுவாக யோசித்தாள். "நடுவுல ஒண்ணு ரெண்டாவது குடுத்தியா?"

"இல்ல."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட இல்ல அத்தை, சத்தியமா." உண்மையைச் சொன்னால் அடி குறையும் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

"அப்போ ஒன்றரை மாசமா என் வயித்துக்குள்ள போனது வெறும் தண்ணியா?"

எனக்கு அழுகை வெடித்தது. "உன் கை சூடாயிடுச்சு அத்தை. அதான்..."

அத்தை தன் கையைப் புரட்டிப் பார்த்தாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை, சிரித்தாள். அந்தத் தடித்த குரலில் மூச்சு முட்டச் சிரித்தாள். என்னை இழுத்து மடியில் போட்டு, தலையிலும் கன்னத்திலும் மாறி மாறி முத்தம் கொடுத்தாள். பிறகு ஒரு மாத்திரையை எடுத்து, கோயில் குங்குமத்தைப் போலக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தண்ணீர்கூட இல்லாமல் விழுங்கினாள்.

சாயங்காலம் அப்பா வந்ததும் அவளே போய்ச் சொன்னாள்: "அண்ணா, மருந்துமேல தப்பில்ல. நான்தான் முழுங்காம ஏமாத்திட்டேன். நாளைக்கே டாக்டர்கிட்டயும் சொல்லிடறேன்."

அப்பா தங்கையின்மேல் குரலை உயர்த்தி நான் கேட்டது அன்று ஒரு நாள்தான். கிடைத்த வேலையைத் தொலைத்ததிலிருந்து ஆரம்பித்து வரிசையாகத் திட்டினார். "எட்டு வயசுக் கொழந்தையக் காவல் வச்சேன். அதுக்குத் தெரியாம துப்பியிருக்கியே, வெக்கமா இல்ல?"

"பாவம், இது தினமும் விடியக்காலம் எழுந்து குடுத்துச்சு" என்று அம்மா என் தலையைத் தடவினாள்.

அதன் பிறகு அத்தை மாத்திரையைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டாள். மழைக்காலம் முடிவதற்குள் பழையபடி ஓட ஆரம்பித்தாள். அடுத்த வருஷம் எர்ணாகுளத்தில் இன்னொரு வேலை கிடைத்தது. அது நிரந்தரமும் ஆயிற்று. அங்கேயே அவளோடு வேலை பார்த்தவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். தீப்பெட்டி விஷயத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. நான்தான் இப்போது முதல் தடவையாகச் சொல்கிறேன்.

ஆனால் அன்று சாயங்காலம் எனக்கு இது எதுவும் தெரியாது. அம்மாவின் கை என் தலைமேல் இருந்தது. அப்பா மூச்சு வாங்கத் திட்டிக்கொண்டிருந்தார். எதிரே அத்தை தலையைக் குனிந்துகொண்டு, செய்யாத குற்றத்துக்குத் திட்டு வாங்கிக்கொண்டே, உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். வேலை போயிற்று, வசவும் கிடைத்தது, இதில் சிரிக்க என்ன இருக்கிறது? டாக்டர் சொன்ன நோய் தொண்டையிலிருந்து தலைக்கு ஏறிவிட்டது என்று நான் முடிவு செய்தேன். பயத்தில் ஓடிப் போய் அவள் காலைக் கட்டிக்கொண்டு, நான் அழ ஆரம்பித்தேன்.