கமலவேணியின் ரத்தம்

இது நடந்தது. நம்ப மாட்டேன் என்பவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம், எனக்கு ஒரு நட்டமும் இல்லை. அந்த ரத்தத்தை எடுத்தது என் கை.

1998, ஐப்பசி மழை. அரியலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த லேபில் டெக்னீஷியனாக இருந்தேன். அந்த ஆஸ்பத்திரியில் யாருக்காவது ரத்தம் ஏற்ற வேண்டுமென்றால் தஞ்சாவூருக்குத்தான் ஓட வேண்டும். நோயாளியின் ரத்தத்தைக் கொஞ்சம் ட்யூபில் எடுத்துக் கொடுப்பேன். ரத்தம் கொடுக்க ஒரு ஆளையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்காரர்கள் பஸ் ஏறுவார்கள். நோயாளி ரத்தத்தோடு சேருகிறதா என்று பார்த்துத்தான் அங்கே பை கொடுப்பார்கள்.

அன்று விடியற்காலை. சுகர் டெஸ்டுக்கு வெறும் வயிற்றோடு வருகிறவர்களுக்காக அப்போதுதான் லேபைத் திறந்தேன். சுண்ணாம்புக்கல் குவாரியில் வேலை பார்க்கும் தமிழ்மாறன் தெப்பலாக நனைந்து ஓடிவந்தார். கூடவே ஒரு குவாரித் தொழிலாளி. மனைவி கமலவேணிக்குக் கரு கலைந்து ரத்தம் நிற்கவில்லையாம். ரத்தம் கொடுக்க ஆளோடு வா என்று நேற்று சாயங்காலமே டாக்டர் சொல்லிவிட்டாராம். காதல் கல்யாணம். சொந்தக்காரன் ஒருத்தனும் கை நீட்டவில்லை. ராத்திரி முழுக்க அலைந்து இந்த ஒரு ஆளைப் பிடித்திருக்கிறார். எனக்கு அந்தச் சொந்தக்காரர்கள் மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது.

எதிர் ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டுக்குள் ஆண்களை விடமாட்டார்கள். இருவரும் வாசலில் நின்றார்கள். ரத்தம் எடுக்க நான் மட்டும் உள்ளே போனேன்.

கரண்ட் இல்லை. சிஸ்டரையும் காணோம். பிரசவ அறைப் பக்கம் யாரோ முனகும் சத்தம் மட்டும். ஜன்னலோரக் கட்டிலில் ஒரு பெண், நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

ஆளை மாற்றி எடுத்தால் உயிரே போய்விடும். நாமாகப் பெயரைச் சொல்லிக் கேட்கக் கூடாது, அவர்கள் வாயாலேயே வரவேண்டும். கேட்டேன்.

"கமலவேணி. வூட்டுக்காரர் பேரு தமிழ்மாறன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. புருஷன் பெயரைக் கேட்டால் பக்கத்துக் கட்டிலைக் கைகாட்டுகிற பெண்களைத்தான் அதுவரை பார்த்திருந்தேன். இவள் தண்ணீர் கேட்பது மாதிரி சொன்னாள்.

ரப்பர் ட்யூபை இறுக்கிக் கட்டினேன். கையை மூடச் சொன்னேன். மூடினாள். நரம்பு எழும்பவில்லை... தட்டினேன். அப்போதும் இல்லை. கை சில்லென்று இருந்தது. மழைக்குளிர் என்று நினைத்துக்கொண்டேன்.

குத்துமதிப்பாக ஊசியை இறக்கினேன்.

வந்தது. கறுப்பாக... மெதுவாக...

"சீக்கிரம் எடுங்க. அவரு நனைஞ்சுகிட்டு நிக்கிறாரு. நான் பொழைக்கணும்."

ரப்பரை அவிழ்த்து ஊசியை எடுத்தேன். பஞ்சில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

ரப்பர் பதிந்த பள்ளம் கையில் அப்படியே நின்றது.

ரத்தத்தை ட்யூபில் ஊற்றி வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். ரத்தம் அடியில் உறைந்து, மேலே மஞ்சள் நீர் தெளிந்து நின்றது. அப்படிப் பிரிய அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும்...

எடுத்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

திரும்பி உள்ளே போகத் தைரியமில்லை. பெயரை ஒட்டி தமிழ்மாறன் கையில் கொடுத்தேன். ஓடினார்.

மதியத்துக்குள் திரும்பிவிட்டார். ரத்தப் பையை ஈரத்துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்திருந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு. சேர்ந்துவிட்டதாம். நானும் கூடவே போனேன்.

சிஸ்டர் அம்சவள்ளி டூட்டி முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் வார்டு வாசலிலேயே காத்திருந்தார். தமிழ்மாறனைப் பார்த்ததும் அழுதுவிட்டார்.

"எங்க போனீங்க? உங்களத் தேடாத எடமில்ல. ராத்திரி ரெண்டு மணிக்கே உங்க சம்சாரம் போயிட்டாங்க. பாடிய அப்பவே பின்னாடி ரூம்ல வச்சுப் பூட்டியாச்சு. சாவி எங்கிட்டதான் இருக்கு."

தமிழ்மாறன் அழவில்லை. துண்டை விலக்கிப் பையை சிஸ்டரிடம் நீட்டினார்.

"தஞ்சாவூர்ல சேந்துருச்சுன்னு சொன்னாங்களே சிஸ்டர்... ஏத்திப் பாருங்க."